தில்லித் தோட்டங்களும் வேனில் ஆயத்தமும்

பனிமூட்டம் விலகிக் கதிரவன் முகங்காட்டும் மாசித் திங்களில் நம் குடியிருப்பைச் சுற்றி வருவோர் ஒரு காட்சியைக் காண்பர். வீட்டின் முன்புறத்துச் சிறு நிலங்களில் மண்வெட்டியின் ஒலி எழும். தை முழுதும் கம்பளிக்குள் அடங்கியிருந்த பெரியவர்கள் எருக்கூடையும் களைக்கொட்டுமாகப் பாத்தி கட்டிக் கொண்டிருப்பர். குளிர்காலப் பூக்கள் இன்னும் மலர்ந்து நிற்கும்போதே கோடைக்குரிய வேலை தொடங்கிவிடுகிறது. இவ்வழக்கத்தை நாம் கற்ற வரலாறும், நமக்கு முன் இம்மண்ணுக்கு வந்தோர் கற்ற வரலாறும் ஒன்றையொன்று ஒத்தன. அதனை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகிறோம்.

முதலில் நம் கதை. ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் அறிந்த ஊர்களிலிருந்து வந்த நாம், பொங்கல் கழிந்த கையோடு தில்லி மண்ணில் வெண்டையை விதைத்தோம். மண் குளிர்ந்து கிடந்தமையால் விதை முளையாமல் அழுகியது. ஊரிலிருந்து வேரோடு கொணர்ந்த கறிவேப்பிலைக் கன்று இலையெல்லாம் உதிர்த்து வெறுங்குச்சியாயிற்று. பட்டுப்போயிற்று என்று எண்ணி அதனைப் பிடுங்கி எறிந்தவர்களும் நம்மில் உண்டு. மாசி வரை பொறுத்திருந்தால் அது தளிர்த்திருக்கும் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

இவ்வாறு திகைத்தவர்கள் நாம் மட்டும் அல்லர். பானிப்பட்டில் 1526-ஆம் ஆண்டு வெற்றி பெற்று ஆக்ரா வந்து சேர்ந்த பாபரின் படையினர் கொடுங்கோடையில் அகப்பட்டனர். தளபதிகள் பலர் காபூலுக்கே திரும்பிவிட விரும்பினர். வெப்பம், கடுங்காற்று, புழுதி ஆகிய மூன்றும் தம்மை வருத்தியதாகப் பாபரே தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். ஆயினும் அவர் திரும்பவில்லை. யமுனையின் மறுகரையில் தோட்டம் அமைக்க முனைந்தார். அங்கு அவர் முதலில் தொடங்கிய பணிகளுள் ஒன்று பெருங்கிணறு தோண்டியது. பின்னர் பல்கு நாட்டிலிருந்து முலாம்பழம் பயிரிடுவோர் ஒருவரை வரவழைத்து, ஆக்ராவில் அப்பழம் விளைந்தது கண்டு மகிழ்ந்தார். தாயகத்துப் பழத்தை வந்த மண்ணில் விளைவித்தவரின் மகிழ்ச்சியை, கறிவேப்பிலை வளர்த்த நாம் நன்கு உணரலாம் அன்றோ?

நீரை முதலில் தேடும் நெறி பாபருக்கு முன்பே தில்லியில் வேரூன்றியிருந்தது. 1351 முதல் 1388 வரை ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக் தில்லியைச் சுற்றி 1,200 தோட்டங்கள் அமைத்ததாக அபீப் என்னும் வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். யமுனையிலிருந்து கால்வாய் வெட்டியவரும் அம்மன்னரே. நாளடைவில் தூர்ந்துபோன அக்கால்வாய் ஷாஜகான் காலத்தில் புதுப்பிக்கப்பட்டுச் சாந்தினி சௌக் வீதி வழியாகவும் ஓடியது. 1648-இல் நிறைவுற்ற செங்கோட்டையினுள் அமைந்த தோட்டத்தின் இரு முனைகளிலும் நீர் வழியும் பளிங்கு மண்டபங்களை இன்றும் காணலாம். அவற்றின் பெயர்கள் சாவன், பாதோன். இரண்டும் மழைக்கால மாதங்களின் பெயர்கள். மழை வருவதற்கு முன்னரே மழையின் குளிர்ச்சியை நாடிய ஆயத்தம் அது.

அரண்மனைக்கு வெளியே எளிய உழவரும் இக்கலையில் தேர்ந்திருந்தனர். வெள்ளம் வடிந்த யமுனை மணலில் குளிர்காலத்திலேயே குழி பறித்து, எருவிட்டு, வெள்ளரியும் முலாம்பழமும் ஊன்றுவர். வாடைக்காற்று தாக்காதவாறு நாணல் தட்டிகளைச் சார்த்தி வைப்பர். ஊர் வெயிலில் வாடும் வேளையில் பழம் கைக்கு வந்துவிடும். ஏட்டில் பெயர் இடம்பெறாத இவ்வுழவர்களே நமக்கு நேரான ஆசான்கள் எனலாம்.

1911-இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்ட பின் எழுந்த புதுதில்லியிலும் கோடையே முதற்கவலையாயிற்று. சாலைகளுக்கு நிழல் தருமாறு வேம்பும் நாவலும் மருதும் புளியும் நடப்பெற்றன. நம் ஊர்ச் சாலைகளை நினைவூட்டும் அம்மரங்களின் நிழலில் நாம் அந்நியராய் உணர்வதில்லை. வைசிராய் மாளிகைக்கு லட்யன்ஸ் வகுத்த தோட்டத்தில் 1928, 1929-ஆம் ஆண்டுகளில் செடிகள் நடப்பட்டன. 15 ஏக்கர் பரப்புள்ள அது 2023 முதல் அமிர்த உத்தியானம் என்று வழங்கப்படுகிறது. 1948-இல் கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்ற இராஜாஜி, உணவுத் தட்டுப்பாடு நிலவிய அந்நாளில் தாமே ஏர் பிடித்து உழுது, அதன் ஒரு பகுதியை உணவுத் தானியத்துக்கு ஒதுக்கினார். பின்னாளில் குடியரசுத் தலைவராய் அங்கு உறைந்த அப்துல் கலாம் மூலிகைத் தோட்டம் அமைத்தார். தமிழர் கை பட்ட மண் அது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

நாம் விதைக்கும் விதைக்கும் ஒரு வரலாறு உண்டு. பீகாரில் பூசா என்னும் ஊரில் 1905-இல் தோன்றிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், 1934-இன் நில நடுக்கத்தால் சிதைவுற்று, 1936-இல் தில்லிக்கு வந்தது. இங்கு உருவான காய்கறி வகைகள் பல இன்றும் ‘பூசா’ என்னும் பழைய ஊர்ப்பெயரையே முன்னொட்டாகத் தாங்கி நிற்கின்றன. இடம்பெயர்ந்தும் ஊர்ப்பெயரை விடாத நமக்கு இது வியப்பளிப்பதன்று.

இத்தனை பேரிடமும் கற்றவற்றை நாம் மாசியில் செயற்படுத்துகிறோம். குளிருக்காகக் கட்டிய வைக்கோல் மறைப்புகளை நீக்குகிறோம். கறிவேப்பிலைக் கொம்பை நகத்தால் கீறிப் பார்த்து, பச்சை தெரியுமிடம் வரை பட்ட நுனியை நறுக்குகிறோம். மண்ணைக் கொத்தி வெயிலில் உலரவிட்டு, மக்கிய எருவைக் கலக்கிறோம். சுரை, பாகல் விதைகளை ஓரிரவு ஊறவைத்து ஊன்றி, பந்தற்காலையும் அப்போதே நட்டுவிடுகிறோம். வேம்பும் அரசும் உதிர்க்கும் சருகை எரித்துப் புகையாக்காமல் செடிகளின் அடியில் பரப்பினால் ஈரம் காக்கும். கோடையில் குடிநீருக்கே தவிக்கும் இந்நகரில் அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் பாத்திக்கே செல்லுதல் முறை.

நம்மிற் பலருக்கு இவ்வீடு சொந்தமன்று. மாற்றல் உத்தரவு வந்தாலும், ஓய்வு பெற்றாலும் பெட்டி படுக்கையுடன் புறப்பட வேண்டியவர்களே. பாகற்கொடி காய்க்கும் முன்பே வீட்டை ஒப்படைத்துச் சென்ற குடும்பங்களை நாம் அறிவோம். ‘பிறர் பறிக்கப்போகும் காய்க்கு நாம் ஏன் மண் கொத்த வேண்டும்’ என்று சிலர் கேட்பதுண்டு. நாம் குடிவந்த நாளில் முற்றத்தில் நின்ற கறிவேப்பிலையை நட்டவர் யார்? அவர் முகத்தை நாம் கண்டதில்லை. அவர் வைத்த மரத்தின் இலைதான் நம் இரசத்தில் நாள்தோறும் மணக்கிறது. அக்கடனை அவருக்குத் திருப்பித் தர இயலாது. அடுத்து வருவோர்க்கே தர இயலும். ஆதலின் இம்மாசியிலும் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பாத்தியேனும் கட்டுக. ஒரு கன்றேனும் நடுக.