ஒரு காபி ஜாடியை வேடிக்கை பார்த்த உலகம்



இரவு சாப்பாடு முடிந்ததும், ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று கைபேசியை எடுக்கிறீர்கள். நிமிர்ந்தால் மணி பதினொன்றரை. இவ்வளவு நேரம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நம் குடியிருப்பில் இது நடக்காத வீடு அநேகமாக இருக்காது. இணையத்தில் வேடிக்கை பார்ப்பது புதிய பழக்கம் என்று நினைக்காதீர்கள். அதற்கு முப்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஆரம்பப் பக்கங்களில் ஒரு காபி ஜாடி இருக்கிறது.

ஆண்டு 1991. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் 'ட்ரோஜன் ரூம்' என்ற அறைக்கு வெளியே, பலருக்கும் பொதுவாக ஒரு காபி மேக்கர் இருந்தது. மற்ற தளங்களில் வேலை செய்தவர்கள் ஆசையாகப் படிகளைக் கடந்து வந்தால், பல நேரம் ஜாடி காலி! லிஃப்ட்டுக்கும் தண்ணீர் லாரிக்கும் காத்திருந்து பழகிய நமக்கு அந்த எரிச்சல் நன்றாகவே புரியும்.

குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், பால் யார்டெட்ஸ்கி என்ற இருவர் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஜாடியை நோக்கி ஒரு கேமரா வைத்து, அதன் படம் எல்லோருடைய கணினியிலும் தெரியும்படி நிரல் எழுதினார்கள். சிறிய கறுப்பு வெள்ளைப் படம்தான். நிமிடத்துக்கு மூன்று முறை மாறும். அவ்வளவு போதுமானதாக இருந்தது.

1993இல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது. உலகின் முதல் வெப்கேம் என்று இன்று அதைச் சொல்கிறார்கள். அந்தக் காபியில் ஒரு சொட்டுகூடக் கிடைக்காத லட்சக்கணக்கானோர், ஜாடி நிறைந்திருக்கிறதா, காலியா என்று எட்டிப் பார்த்தார்கள். பார்த்தார்கள், சிரித்தார்கள், வேலைக்குத் திரும்பினார்கள். அதற்கு மேல் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஆய்வகம் புதிய கட்டடத்துக்கு மாறியபோது, 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமரா நிறுத்தப்பட்டது. கடைசியாக இருந்த ஜாடி ஏலத்தில் 3,350 பவுண்டுக்குப் போனது. வாங்கியது ஜெர்மனியின் 'ஷ்பீகல்' இணைய இதழ்.

அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 2006இல், ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் ஒரு புதிய முறையை உருவாக்கினார். அதுவரை பக்கத்தின் அடியில் 'அடுத்தது' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொடும் முன், 'போதுமா?' என்று மனம் ஒரு நொடி கேட்கும். புதிய முறையில் அந்தப் பொத்தானே தேவைப்படவில்லை. விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் நீண்டுகொண்டே போகும். இதற்காகப் பின்னாளில் அவரே பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

பொழுதுபோக்கு தப்பில்லை. காபி ஜாடியைப் பார்த்தவர்களும் வெட்டியாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பக்கம் அவர்களைப் பிடித்து வைக்கவில்லை. இன்று நமக்குக் குறைந்துபோனது அந்த 'முடிந்தது' என்ற இடம்தான்.

முடிவு உள்ள பொழுதுபோக்குகள் இன்றும் இருக்கின்றன. விக்கிப்பீடியாவில் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து படியுங்கள். தமிழிலேயே 2003 முதல் இருக்கிறது. ஒரு குறுக்கெழுத்துப் புதிரைப் போட்டு முடியுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடியும், புதிர் முடியும். கைபேசியைக் கீழே வைக்க அந்த ஒரு நொடி உங்களுக்குக் கிடைக்கும்.

அந்த நொடியில் கொஞ்சம் கீழே இறங்கி வாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் நடைப்பயிற்சிக்கு வந்திருப்பார்.