கடலடியில் ஒரு பயணச் சுவடு

மீஞ்சூர் வட்டாரத்துப் பழவேற்காட்டிலிருந்து நேர்கிழக்கே ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தொலைவில், கங்கையும் பிரம்மபுத்திராவும் கொணர்ந்த வண்டலுக்கடியில் ஒரு மலைத்தொடர் புதைந்துள்ளது. தெற்கே செல்லச் செல்ல வண்டல் குறைந்து, கடற்தரைக்கு மேல் எழுந்து நிற்கிறது. 90 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டிச் சுமார் 5000 கிலோமீட்டர் நீளும் அதனைத் 'தொண்ணூறு கிழக்கு முகடு' என்பர்.

அது உருவான விதம் எளிது. விளக்குச் சுடர்மேல் ஓலையை நகர்த்தினால் கருகல் கோடாக விழுமன்றோ? கெர்கலன் என்னும் வெப்பமையம் சுடர். இந்தியாவைச் சுமந்து வடக்கே நகர்ந்த நிலத்தட்டு ஓலை. பொங்கிய எரிமலைக் குழம்பே முகடாக உறைந்தது.

1972லும் 1988லும் கப்பல்கள் துளையிட்டுப் பாறைகளை எடுத்தன. பாறையிலுள்ள பொட்டாசியத்தில் ஒரு வகை மெல்ல மெல்ல ஆர்கானாக மாறும். அவ்விகிதமே வயதைச் சொல்லும். வடக்கே ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகள்; தெற்கே 4 கோடியைச் சற்றே தாண்டியவை. அசையாதென்று நாம் நம்பும் நம் கரையும் நெடுந்தூரம் நடந்து வந்ததே என்பதற்கு இவ்வயது வரிசையே சான்று.