கெகல் பயிற்சியில் தொலைந்துபோன கருவி

எங்க பெரியம்மா வெளியூர் பஸ் ஏறுவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகியிருந்தது. கேட்டால் முட்டிவலி என்பார். இருமினாலும் தும்மினாலும் குடத்தைத் தூக்கினாலும் சிறுநீர் கசிகிறது என்ற உண்மைக் காரணம் போன வருஷம்தான், என் மனைவி மூலமாக, எனக்குத் தெரிந்தது. அதற்குள் அவரே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டார். அங்கே ஒரு தாளைக் கொடுத்து, கெகல் பயிற்சி, தினமும் செய்யுங்க என்று அனுப்பியிருக்கிறார்கள். எட்டு மாசம் செய்திருக்கிறார். ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த தடவை போனபோது, உங்களுக்கு எக்சர்சைஸ் கேட்காதும்மா, ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

யாருப்பா இந்தக் கெகல் என்று தேடப் போனதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

கதை அவரிடம் ஆரம்பிக்கவில்லை. சில வருஷம் முன்னால், சிகாகோவில், ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் ஆரம்பிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் முழங்கால் அடிபட்டு வந்த வீரர்களுக்கு அங்கே படுக்கை போதவில்லை. கால் தேறுவதற்கு மாசக்கணக்கு ஆனது. பாரம் அதிகம் வேண்டாம், லேசாக நிறைய தடவை அசைத்தால் போதும் என்பதுதான் அப்போதைய வைத்தியம். தாமஸ் டிலோர்ம் என்ற இளம் டாக்டர் அதைத் திருப்பிப் போட்டார். அவர் சின்ன வயசில் வாதக் காய்ச்சலில் மாசக்கணக்காகப் படுத்துக் கிடந்தவர். எடை தூக்கித்தான் உடம்பைத் தேற்றிக்கொண்டார். அதையே நோயாளிகளிடம் கொண்டுவந்தார். பாதத்தில் ஒரு இரும்புச் செருப்பைக் கட்டி, பத்து தடவைக்கு மேல் தூக்க முடியாத அளவுக்கு எடை ஏற்றுவது. கால் பலமாக ஆக, எடையையும் கூட்டுவது. 1945-ல் முடிவுகளை வெளியிட்டார். ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு 70 முதல் 100 தடவை தூக்கவைத்தவர், 1948-ல் ஆர்தர் வாட்கின்ஸோடு சேர்ந்து அதை மூணு பத்தாகக் குறைத்தார். இன்னைக்கு ஜிம்மில் 'மூணு செட், பத்து ரெப்ஸ்' என்கிறார்களே, அந்தக் கணக்கு முட்டி உடைந்த சிப்பாய்களிடமிருந்து வந்ததுதான்.

அதே 1948-ல் லாஸ் ஏஞ்சலீஸ் மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் தன் கட்டுரையை வெளியிடுகிறார். அதன் தலைப்பிலேயே டிலோர்ம் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அதே சொற்றொடர் இருக்கிறது: படிப்படியாகக் கூட்டும் எதிர்ப்புப் பயிற்சி. பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்துபோகும் இடுப்புத்தளத் தசையும் தொடைத்தசை மாதிரி ஒரு தசைதானே, அதற்கும் ஏன் பாரம் கொடுக்கக்கூடாது என்பது அவர் கேள்வி. (உறுப்புக்குள் எப்படி எடையைக் கட்டுவது என்று நீங்க கேட்கலாம். நானும் கேட்டேன்.) அதற்காக அவர் ஒரு கருவி செய்தார். காற்றடைத்த ரப்பர் குழாய், அதோடு சேர்ந்த ஒரு அளவுமானி. குழாயை யோனிக்குள் வைத்துக்கொண்டு தசையை இறுக்கினால் முள் நகரும். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் பெரினியோமீட்டர். ஒரு நாளைக்கு மூணு வேளை, வேளைக்கு 20 நிமிஷம். முள் எவ்வளவு ஏறுகிறது என்பதை அந்தப் பெண்ணே கண்ணால் பார்ப்பார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த முள்தான். இந்தத் தசை வெளியே தெரியாது. சரியாக இறுக்குகிறோமா என்று கண்ணாடியில் பார்க்க வழியில்லை. முதலில் சரியான தசையைக் கண்டுபிடிக்கவேண்டும், பிறகு எதிர்ப்பு, பிறகு அளவு. கெகலின் முறை இது மூன்றும் சேர்ந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் அவர் பெயர் மட்டும் ஊரெல்லாம் பரவியது. கருவி வழியில் உதிர்ந்துவிட்டது. தாள் மலிவு என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அதன் விலையை 1991-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பம்ப் குழுவினர் அளந்து பார்த்தார்கள். 47 பெண்களிடம் வாயால் மட்டும் பயிற்சியை விளக்கிவிட்டு, செய்யச் சொல்லி அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள். சரியாகச் செய்தவர்கள் 23 பேர். 12 பேர் செய்தது கசிவை அதிகமாக்கக்கூடிய விதத்தில் இருந்தது. மேலே இழுக்கவேண்டிய இடத்தில் கீழே முக்கியிருக்கிறார்கள்!

குதிகாலுக்கு இந்தக் கதி நேரவில்லை. ஸ்வீடனில் உமேயோ நகரத்து எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்குக் குதிகால் தசைநாணில் தீராத வலி. அவரே சொன்ன கதை இது: ஆபரேஷன் செய்யச் சொல்லி மேலதிகாரியிடம் கேட்டார், நீ லீவில் போனால் வேலை என்னாவது என்று மறுத்துவிட்டார்கள். சரி, நாண் அறுந்துபோனால் செய்துதானே ஆகணும் என்று, வலிக்க வலிக்கப் பாரத்தோடு குதிகாலைப் படிக்கட்டுக்குக் கீழே இறக்கி இறக்கி வந்தார். நாண் அறவில்லை, வலி போய்விட்டது. 1998-ல் 15 பேரிடம் முறையாகச் செய்து பார்த்தார். 12 வாரம், ஒரு நாளைக்கு 180 தடவை. 15 பேரும் பழையபடி ஓடப் போனார்கள். எல்லாக் குதிகாலும் இப்படித் தேறுவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அந்த 180 என்ற எண் இன்றைக்கும் பிசியோதெரபி அறைகளில் உயிரோடிருக்கிறது.

பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல், இத்தகைய கசிவுக்கு முதல் சிகிச்சையாக, குறைந்தது மூணு மாசம் கண்காணிப்போடு கூடிய பயிற்சி தரச் சொல்கிறது. 'கண்காணிப்போடு' என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். பயிற்சிக்கு முன்னால் அந்தத் தசை சரியாகச் சுருங்குகிறதா என்று கையால் பரிசோதிக்கவும் சொல்கிறது.

பெரியம்மாவை ஒரு பெண் பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப் போனோம். முதல் நாளே பரிசோதித்துவிட்டு, "நீங்க கீழ முக்குறீங்கம்மா" என்றாராம் அவர். எட்டு மாசமும் அப்படித்தான். சரியான இறுக்கம் பிடிபடவே மூணு தடவை போகவேண்டியிருந்தது. நாலு மாசம் முடிந்திருக்கிறது. பலமாகத் தும்மினால் இன்னும் கொஞ்சம் கசிகிறது என்கிறார். ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருக்கிறார், வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. போன மாசம் திருச்செந்தூருக்கு பஸ்ஸில் போய் வந்தார், ஜன்னலோர சீட்டில்.