கடல் புறா (புதினம்)

கடல் புறா, சாண்டில்யன் எழுதிய தமிழ் வரலாற்றுப் புதினம் ஆகும். குமுதம் இதழில் தொடராக வெளிவந்த இக்கதை, பின்னர் மூன்று பாகங்கள் கொண்ட நூலாக வெளியிடப்பட்டது. கி.பி. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வீரராசேந்திர சோழனின் ஆட்சிக் காலத்தில் கதை நிகழ்கிறது. சோழர் படைத்தலைவன் ஒருவன் கடற்கொள்ளைக்காரனாக மாறிக் கலிங்கத்தின் கடல் வலிமையை முறிப்பதும், ஸ்ரீவிஜயப் பேரரசின் அரசுரிமைப் போட்டியில் சோழர் ஆதரித்த தரப்புக்கு வெற்றி தேடித் தருவதும் இதன் மையக் கருவாகும். காதலும் கடற்போரும் சம அளவில் கலந்த இப்புதினம், சோழர் கடற்படை குறித்துப் பொதுமக்களிடையே நிலவும் கற்பனையை உருவாக்கியதில் பெரும் பங்கு வகித்தது.

ஆசிரியர்

சாண்டில்யன் (1910–1987) என்பது பாஷ்யம் ஐயங்காரின் புனைபெயராகும். இவர் சுதேசமித்திரன் நாளிதழில் செய்தியாளராகப் பணியாற்றியவர். கடலைக் களமாகக் கொண்ட கதைகளில் இவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. யவன ராணி, ஜல தீபம் ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை. மராத்தியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரே ஜல தீபத்தில் இடம்பெறுகிறார். மராத்தியர் கடற்படைத் தலைவராகப் போற்றிய அவரை, ஆங்கிலேயர் கடற்கொள்ளைக்காரர் என்றே அழைத்தனர். கடற்கொள்ளைக்காரன் என்னும் பெயர் அதைச் சூட்டுபவரைப் பொறுத்தது என்னும் எண்ணம் கடல் புறாவிலும் அடிநாதமாக உள்ளது.

கதைச் சுருக்கம்

இளைய பல்லவன் எனப்படும் கருணாகர பல்லவன், சோழ மன்னனின் சமாதான ஓலையுடன் கலிங்கத்தின் பாலூர்த் துறைமுகத்தில் வந்திறங்குகிறான். தமிழர்கள் அங்கே சிறைப்படுத்தப்பட்டு வரும் காலம் அது. அவனுடைய நண்பனான அநபாயச் சோழனும் கலிங்கத்தில் ஆபத்தில் சிக்கியுள்ளான். இந்த அநபாயனே பின்னாளில் முதலாம் குலோத்துங்க சோழன் ஆகிறான். ஸ்ரீவிஜய அரியணைக்கு உரிமை கோரிச் சோழரின் உதவியை நாடும் குணவர்மனையும், அவனுடைய மகள் காஞ்சனா தேவியையும் இளைய பல்லவன் பாலூரில் சந்திக்கிறான். கலிங்கரின் காவலைக் கடந்து அனைவரும் கடல்வழியே தப்ப முயல்வதே முதல் பாகம்.

காஞ்சனா தேவியைப் பிரிந்த இளைய பல்லவன், சீனக் கடற்கொள்ளைக்காரனான அகூதாவிடம் கடற்போர்ப் பயிற்சி பெறுகிறான். பிறகு சொர்ணத் தீவின், அதாவது இன்றைய சுமத்திராவின், அட்சயமுனைக் கோட்டையை அடைகிறான். அக்கோட்டையின் தலைவன் பலவர்மன். அவனுடைய வளர்ப்பு மகள் மஞ்சளழகி இரண்டாம் பாகத்தின் நாயகி. புறாவின் உருவம் தாங்கிய கடல் புறா என்னும் மரக்கலம் இப்பகுதியில் உருப்பெறுகிறது. மூன்றாம் பாகத்தில் கடாரம், மாநக்கவாரம் (நிக்கோபார்த் தீவுகள்), ஸ்ரீவிஜயம் எனக் களம் விரிந்து, சோழர் தரப்பு வெற்றி பெறுகிறது. இளைய பல்லவன் காஞ்சனா தேவி, மஞ்சளழகி இருவரையும் மணக்கிறான்.

அரேபியனான அமீர், கண்டியத்தேவன், கூலவாணிகன் சேந்தன் ஆகியோர் பிற முக்கியக் கதைமாந்தர்கள்.

வரலாற்றுப் பின்னணி

முதலாம் இராசேந்திர சோழன் 1025-இல் ஸ்ரீவிஜயத்தின் மீது கடற்படையெடுப்பு நடத்தினான். அவன் வென்ற துறைகளின் பட்டியலில் கடாரமும் மாநக்கவாரமும் உள்ளன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், வீரராசேந்திரனின் 7-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பெரும்பேர்க் கல்வெட்டு, தன்னிடம் அடைக்கலம் வேண்டிய மன்னனுக்காக அவன் கடாரத்தை வென்று கொடுத்ததாகக் கூறுகிறது. அம்மன்னன் யார், அவனை எதிர்த்தவர் யார், போர் எவ்வாறு நடந்தது என்பன பற்றிக் கல்வெட்டில் விவரம் இல்லை. இச்சிறு குறிப்பே புதினத்தின் மூன்று பாகங்களுக்கும் வித்தாக அமைந்துள்ளது.

கதைத் தலைவனும் முற்றிலும் கற்பனை அல்லன். செயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணி, முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போரை வென்ற தளபதியாகக் கருணாகரத் தொண்டைமானைப் பாடுகிறது. அவனைப் பல்லவர் குலத்தவனாகவும் வண்டை நகரின் தலைவனாகவும் காட்டுகிறது.

சிறப்புகள்

கடலே களமாக அமைந்தமை. கல்கியின் பொன்னியின் செல்வனில் கடற்பயணங்கள் இடம்பெற்றாலும், கதையின் மையம் சோழ நாட்டு அரண்மனைகளும் கோட்டைகளுமே. கடல் புறாவிலோ துறைமுகம், சுங்கம், பாய்மரம், காற்று, மரக்கலம் கட்டுதல் ஆகியன கதையை நகர்த்தும் கூறுகளாக உள்ளன. ஒரு கப்பலின் பெயரே நூலின் பெயராக அமைந்ததும் பொருத்தமானது.

கடற்கொள்ளைக்கு அரசியல் நோக்கம் தந்தமை. இளைய பல்லவன் பொருளாசையால் கொள்ளையில் இறங்குவதில்லை. எதிரியின் கப்பல் போக்குவரத்தை முடக்கினால் அவனுடைய அரசும் தளரும் என்பதே அவன் கணக்கு. அக்கால உலகுக்கு இது பொருந்தாத கற்பனை அன்று. தன் துறைமுகத்துக்குள் வராமல் கடந்து செல்லும் வணிகக் கப்பல்களை ஸ்ரீவிஜயம் தாக்கும் என்று, சீன அதிகாரியான சாவ் ருகுவா 1225-இல் எழுதிய நூல் கூறுகிறது. அரசின் கடற்படைக்கும் கடற்கொள்ளைக்கும் இடையிலான கோடு அக்கடற்பகுதியில் மிக மெல்லியதாகவே இருந்தது. அக்கோட்டின் மீது தன் தலைவனை நிறுத்தியதே ஆசிரியரின் சிறந்த தேர்வு எனலாம்.

பல இன மாந்தர். அரேபியரும் சீனரும் தமிழரும் ஒரே கடலில் இயங்குகின்றனர். சுமத்திராவின் பாருஸ் பகுதியில் கிடைத்த, 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு அங்கே செயற்பட்டதைக் காட்டுகிறது. கடார மன்னனின் தூதர் வேண்டியதற்கிணங்க, நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிக்குரிய ஊர்களுக்குக் குலோத்துங்கன் 1090-இல் வரிவிலக்கு அளித்ததைச் சிறிய லெய்டன் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. பல நாட்டவர் கலந்து பழகிய இவ்வுலகின் சாயலைப் பாடநூல்களை விட இப்புதினம் எளிதாக வாசகர் மனத்தில் பதிக்கிறது.

கதை சொல்லும் விறுவிறுப்பு. நாயகனின் திட்டத்தை முன்கூட்டியே சொல்லாமல், அது நிறைவேறிய பின்னரே விளக்கும் உத்தி நூல் முழுவதும் கையாளப்படுகிறது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கேள்வியை எழுப்பி முடிவது வாரத் தொடருக்கு ஏற்ற அமைப்பாகும்.

குறைகள்

கூறியது கூறல். தொடராக வந்தபோது தேவைப்பட்ட நினைவூட்டல்கள் நூல் வடிவில் சுமையாகின்றன. ஒரே செய்தியைப் பல அத்தியாயங்களில் வெவ்வேறு மாந்தர் வியந்து பேசுகின்றனர். வினாவும் விடையுமாகச் சிறு சொற்களில் நீளும் உரையாடல்கள் தொடக்கத்தில் சுவை தந்தாலும், மூன்றாம் பாகத்தில் சலிப்பூட்டுகின்றன.

பிழை செய்யாத நாயகன். இளைய பல்லவன் ஆபத்தில் சிக்குகிறான். ஆனால் அவனுடைய கணிப்பு தவறுவது அரிது. எனவே கடற்போர்களில் வெற்றியா தோல்வியா என்ற ஐயம் எழுவதில்லை. வெற்றி எவ்வாறு வரும் என்பது மட்டுமே எஞ்சுகிறது.

பெண் மாந்தர். காஞ்சனா தேவியும் மஞ்சளழகியும் அறிவும் துணிவும் உடையவர்களாக அறிமுகமாகின்றனர். ஆயினும் அவர்களின் செயல்களை விட அங்க வருணனைக்கே மிகுந்த இடம் தரப்படுகிறது. ஒருவனை இருவர் விரும்புவதால் எழும் சிக்கலை ஆசிரியர் இரட்டைத் திருமணத்தால் முடித்துவிடுகிறார். அரசர் பலர் பல மனைவியரைக் கொண்ட காலம் என்பது உண்மையே. ஆனால் அம்முடிவில் அப்பெண்கள் இழந்தது என்ன என்ற கேள்வி நூலில் ஆழமாக எழுப்பப்படவில்லை.

சுமத்திராவின் பூர்வகுடிகள். இவர்கள் பெரும்பாலும் அச்சமூட்டும் கூட்டமாகவே சித்திரிக்கப்படுகின்றனர். பாருஸ் துறைமுகத்தின் புகழுக்குக் காரணமான கற்பூரத்தை உள்நாட்டுக் காடுகளிலிருந்து சேகரித்துத் தந்தவர்கள் பதக் முதலிய அத்தீவின் மக்களே. கடல் வணிகத்தில் அவர்களுக்கிருந்த பங்கு கதையில் இடம்பெறவில்லை.

பாதிக்கப்பட்டோர் இல்லாத கொள்ளை. இதுவே நூலின் பெருங்குறை எனலாம். கைப்பற்றப்படும் கப்பல்களில் முதல் போட்ட வணிகரும், கூலிக்குத் துடுப்பு வலித்தோரும் இருந்திருப்பர். அவர்கள் குரல் கதையில் ஒலிப்பதில்லை. நோக்கம் நல்லதாயின் கொள்ளையும் நல்லதே என்ற நிலையை நூல் கேள்வியின்றி ஏற்கிறது. அரசுக்கும் கொள்ளைக்கும் இடையிலான கோட்டைத் துணிவுடன் அழித்துக் காட்டிய ஆசிரியர், அதனால் எளியோருக்கு நேர்ந்தது என்ன என்று நோக்கவில்லை. முன்னர்க் கூறிய சிறப்பும் இக்குறையும் ஒரே வேரிலிருந்து எழுபவை.

வரலாறும் புனைவும்

மாணவர்கள் இப்புதினத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் முன் கீழ்க்கண்டவற்றைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

1. கருணாகரத் தொண்டைமான் தலைமை தாங்கிய கலிங்கப் போர் ஏறத்தாழ 1110-ஐச் சேர்ந்தது. 1068 அளவில் அவன் 25 வயது இளைஞனாக இருந்திருப்பின், அப்போரின்போது அவனுக்கு 67 வயது ஆகியிருக்கும். இது இயலாதது அன்று. எனினும் இளைய பல்லவனின் கடல் வாழ்வுக்குக் கல்வெட்டுச் சான்று இல்லை.

2. அநபாயன் என்ற பெயர் பெரிய புராணத்தைப் பாடிய சேக்கிழாரை ஆதரித்த இரண்டாம் குலோத்துங்கனுக்கு (1133–1150) உரியதாகவே பெரிதும் அறியப்படுகிறது.

3. அகூதா என்ற பெயரை ஒத்த பெயருடைய அகுடா, வட சீனத்தில் 1115-இல் சின் அரசமரபை நிறுவிய சுர்சென் இனத் தலைவன். அவன் பிறந்தது 1068-இல் ஆதலால், கதை நிகழும் காலத்தில் கடற்கொள்ளைத் தலைவனாக இருந்திருக்க முடியாது.

4. காஞ்சனா தேவி, மஞ்சளழகி, கடல் புறா மரக்கலம் ஆகியன ஆசிரியரின் படைப்புகள்.

மதிப்பீடு

கல்வெட்டு ஓரிரு வரிகளில் விட்டுச்சென்ற நிகழ்ச்சிக்கு முகமும் குரலும் தந்தது கடல் புறாவின் சாதனையாகும். அம்முகங்கள் எல்லாம் அரசரும் படைத்தலைவரும் இளவரசியருமாகவே அமைந்தது அதன் எல்லை. பாருஸ் கல்வெட்டையும் லெய்டன் செப்பேடுகளையும் அருகில் வைத்துப் படிக்கும் வாசகருக்கு, கடற்போரால் மட்டுமன்றி வணிகத்தாலும் சமயக் கொடைகளாலும் சோழ நாடும் கடாரமும் பிணைக்கப்பட்டிருந்தது புலப்படும். அவ்வாறு மேலும் அறியத் தூண்டும் ஆற்றல் இப்புதினத்துக்கு உண்டு.