கொதிகலனிலிருந்து வந்த ஸ்கேன்

நெய்வேலி நகரியத்துப் பெண்களுக்குக் கொதிகலன் புதிய சொல் அல்ல. குழாயில் வெளியே தெரியாத விரிசல் உண்டா என்று மீயொலியைச் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துக் கண்டுபிடிப்பது அனல்மின் நிலையங்களில் வழக்கமான வேலை. நம் அடிவயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி எடுக்கும் ஸ்கேனும் அதே வேலைதான். உவமைக்காகச் சொல்லவில்லை, வரலாறே அப்படித்தான்.

1955 ஜூலையில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்டு, அறுவை செய்து அகற்றிய நார்க்கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் இருந்தது. உலோகப் பழுதைக் காட்டும் கருவி, திடமான கட்டியையும் நீர் நிறைந்த கட்டியையும் பிரித்துக் காட்டியது. நெய்வேலி நிறுவனம் பதிவானது அதற்கு அடுத்த ஆண்டு, 1956 நவம்பரில்.

அதன்பின் டொனால்டிடம் வந்த ஒரு பெண்ணைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வயிறு பெருத்திருந்தது. இரைப்பைப் புற்றுநோய், அறுவை செய்து பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். கருவியிலோ தெளிவான விளிம்புள்ள பெரிய சினைப்பை நீர்க்கட்டி தெரிந்தது. அகற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். 1958 ஜூனில் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரையை எழுதியவர்கள் டொனால்டு, மக்விக்கர், பிரவுன் என்ற மூன்று ஆண்கள். அந்தப் பெண் அதில் ஒரு நோயாளி, அவ்வளவே.

நம் ஊரில் ஸ்கேன் என்றாலே வயிற்றுப் பிள்ளை. பெண் கருக்கள் அழிக்கப்பட்டதால் 1994இல் வந்த சட்டத்தின் பலகைதான் இன்றும் ஸ்கேன் அறை வாசலில் தொங்குகிறது. அந்த வரிசையில் கல்யாணமாகாத பெண் உட்கார்ந்தால், எந்த வட்டம், யார் மகள் என்று கண்கள் கேட்கும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த நகரியத்தில் இது சின்ன விஷயமல்ல. அதனால்தான் பலர் யாரிடமும் சொல்லாமல் தனியாகக் காத்திருக்கிறார்கள்.

"ஆறு வாரம் கழித்து வாங்க" என்பது நம் காதில் அலட்சியமாக விழுகிறது. உண்மையில் அந்தக் காத்திருப்பே ஒரு பரிசோதனை. மாதவிடாய்ச் சுழற்சியில் உருவாகும் சாதாரண நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு சுழற்சிகளில் தாமாகவே சுருங்கிவிடும். இதைச் சொல்ல மருத்துவருக்கு இரண்டு நிமிடம் போதும். சொல்லாமல் அனுப்பினால் ஆறு வாரமும் அவளுக்குத் தூக்கமில்லை.

சிஏ-125 ரத்தப் பரிசோதனையின் கதையும் இதுபோலத்தான். 1981இல் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் சோதித்த எதிரணுக்களில் 125ஆவது என்பதால் அந்த எண். எண்டோமெட்ரியோசிஸ், நார்க்கட்டி, ஏன், மாதவிடாய்கூட அதை உயர்த்தும். புற்றுநோயின் தொடக்கத்தில் அது சாதாரணமாகவே இருந்துவிடுவதும் உண்டு. மாதவிடாய் நின்றவர்களிடம் அந்த எண்ணுக்கு மதிப்பு கூடுதல். இளம்பெண் ரிப்போர்ட்டில் அதை மட்டும் பார்த்து இரவெல்லாம் அழ வேண்டியதில்லை.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் கேளுங்கள்: கட்டி எத்தனை சென்டிமீட்டர், உள்ளே வெறும் நீரா, தடுப்போ திடப்பகுதியோ உண்டா, அடுத்த ஸ்கேன் எப்போது? இடையில் அடிவயிற்றில் திடீரென்று கடும் வலியும் வாந்தியும் வந்தால், சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது ஆறு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல், அந்த இரவே கிளம்பிவிட வேண்டும்.