மேரி யாரு? ஒரு வட்ட பிஸ்கட்டின் கதை

டீக்கு எந்த பிஸ்கட் பெஸ்ட்னு ஆபீஸ் பான்ட்ரியில கேட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷத்துல நாலு கட்சி கிளம்பிடும். பார்லே-ஜி கட்சி, பட்டர் பிஸ்கட் கட்சி, உப்பு பிஸ்கட் கட்சி, "காபின்னா போர்பன்தான்" கட்சி. மேரிக்குக் கொடி பிடிக்க மட்டும் ஆள் கிடையாது. காய்ச்சல் வந்தவங்களுக்கும், சுகர் இருக்கிற பெரியப்பாவுக்கும், ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போகும்போது வாங்கிட்டுப் போறதுக்கும்தான் மேரி. ஆனா அந்த பிஸ்கட் மேல அச்சாகியிருக்கே ஒரு பேர், அது நிஜமாவே வாழ்ந்த ஒரு பெண்ணோட பேர்.

கதை லண்டனில் தொடங்குகிறது. 1857-ல் ஜேம்ஸ் பீக், ஜார்ஜ் ஹெண்டர் ஃப்ரீன் என்ற இரண்டு பேர் சேர்ந்து 'பீக் ஃப்ரீன்' என்ற பிஸ்கட் கம்பெனியை ஆரம்பித்தார்கள். அதுவரை பிஸ்கட் என்றாலே பெரும்பாலும் கப்பலில் போகிறவர்களுக்கான சாப்பாடு. மாவும் தண்ணியும் சேர்த்து, மாசக்கணக்கில் கெடாமல் இருக்கச் சுட்டது. கடிச்சா பல்லு போயிடும், அவ்ளோ கல்லு. நீராவி மெஷின்கள் வந்த பிறகு மெல்லிய, இனிப்பான பிஸ்கட்டை லட்சக்கணக்கில் ஒரே அளவில் போட முடிந்தது. தேம்ஸ் நதிக்குத் தெற்கே பெர்மண்ட்சியில் இவர்கள் கட்டிய பெரிய ஃபேக்டரியால் அந்த ஏரியாவுக்கே 'பிஸ்கட் டவுன்' என்று பேர் வந்தது.

1874 ஜனவரியில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை, விக்டோரியா ராணியின் இரண்டாவது மகன் ஆல்ஃபிரட். 1869-ல் கல்கத்தாவுக்கு வந்து இறங்கினாரே, அதே இளவரசர். பெண், ரஷ்யச் சக்ரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டரின் மகள் மரியா. இதுல இன்னொரு விஷயம், 1854-லிருந்து 1856 வரை கிரிமியப் போரில் இந்த ரெண்டு நாடும் மோதியிருந்தன. எதிரி வீட்டுப் பெண் மருமகளாக வருகிறாள். ஊரெல்லாம் அதே பேச்சு. அந்தப் பேச்சைப் பயன்படுத்திக்கொண்டு பீக் ஃப்ரீன் ஒரு புது பிஸ்கட்டை இறக்கினார்கள். வட்டமாக, ஓரத்தில் வரி போட்டு, நடுவில் அவள் பேர். அதுதான் மேரி.

மேல இருக்கிற ஓட்டைகளை டிசைன்னு நினைச்சிருப்பீங்க. ஓவனில் மாவுக்குள் இருக்கும் தண்ணி ஆவியாகும், அது வெளியேற வழி வேண்டும். ஓட்டை இல்லேன்னா பிஸ்கட் பூரி மாதிரி உப்பிடும். தட்டையாகவும் மொறுமொறுப்பாகவும் வருவதற்கான எஞ்சினியரிங் அது.

பிஸ்கட் ஹிட். ஆனால் மரியாவுக்கு லண்டன் ஒத்துவரவில்லை. சக்ரவர்த்தியின் மகளாக வளர்ந்தவளை, அரசவை வரிசையில் மூத்த மருமகளுக்குப் பின்னால் நிறுத்தினார் விக்டோரியா. 1893-ல் கணவருக்கு ஜெர்மனியில் கோபர்க் சிற்றரசு கிடைக்க, அங்கே போனார்கள். 1900-ல் கணவர் இறந்தார். 1914-ல் முதல் உலகப் போர். பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரு பக்கம், அவர் குடியிருந்த நாடு எதிர்ப்பக்கம். 1917 ரஷ்யப் புரட்சியில் சொத்தும் போனது. 1920-ல் சூரிச்சில் இறந்துபோனார்.

அவர் பேர் மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தது. ஏன்னா மேரியோட ரெசிபி ரொம்ப சிம்பிள். மைதா, சர்க்கரை, கொஞ்சம் கொழுப்பு, பால். விலை குறைவு, சீக்கிரம் கெடாது. எங்க ஐ.டி. பாஷையில சொன்னா இது ஓப்பன் சோர்ஸ் மாதிரி, ஆளாளுக்கு ஒரு ஃபோர்க். இங்கே, 1892-ல் கல்கத்தாவில் வெறும் 295 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய ஒரு சின்ன தொழில் 1918-ல் பிரிட்டானியா ஆனது. 1924-ல் அதில் பெரும் பங்கு பீக் ஃப்ரீன் கைக்குப் போனது. இன்னிக்கு நம்ம கடையில பிரிட்டானியா மேரி கோல்டு, இலங்கையில மலிபன் மேரி, ஸ்பெயின்ல 'மரியா'.

ஸ்பெயினில் அகிலார் தெ கம்போ என்று ஒரு சின்ன ஊர். ஊர் முழுக்க பிஸ்கட் வாசனைன்னு பேர் வாங்கிய இடம். அங்கே 1881-லிருந்து ஃபொன்டனேடா குடும்பம் பிஸ்கட் போட்டு வந்தது. அவர்களுடைய மரியாதான் ஸ்பெயின் வீடுகளில் காலைச் சாப்பாடு. கம்பெனி கை மாறிக் கை மாறி, 2002-ல் யுனைடெட் பிஸ்கட்ஸ் என்ற பன்னாட்டு நிறுவனத்திடம் இருந்தபோது, ஃபேக்டரியை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஊரே தெருவுக்கு வந்தது. கடைசியில் சீரோ என்ற ஸ்பானிஷ் நிறுவனம் ஃபேக்டரியை எடுத்து நடத்தியது. ஃபொன்டனேடா என்ற பிராண்ட் மட்டும் பழைய முதலாளியோடு போய்விட்டது. அதாவது பேர் போச்சு, அடுப்பு நின்னுது. பெர்மண்ட்சிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மேரி பிறந்த அந்த ஃபேக்டரி 1989-ல் மூடப்பட்டது.

ரெண்டு ஊரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பிராண்டை ஒரு கையெழுத்துல வித்துடலாம். ரெசிபியும் எங்க வேணா போகும். ஆனா பல தலைமுறையா அந்த அடுப்புகிட்ட நின்ன கைகளும், அந்தச் சம்பளத்துல ஓடின குடும்பங்களும் அதே இடத்துலதான் இருக்காங்க. அகிலார் மக்கள் கேட்டதும் பேரை இல்லை, வேலையைத்தான். எந்த ஊர்ல ஃபேக்டரி மூடுற செய்தி வந்தாலும் நாம முதல்ல கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: பிராண்ட் எங்க போகுதுன்னு இல்ல, ஆட்கள் எங்க போவாங்கன்னு.

சரி, டீ ஆறுது. மேரியை எடுங்க, முக்குங்க, மூணு செகண்டுக்கு மேல விடாதீங்க. உள்ள விழுந்தா நான் பொறுப்பில்லை. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!