கொடிக்கால் நிழல்



புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டுக்குள் காலை வேளையில் நுழைந்து பாருங்கள். ஓரிடத்தில் வெற்றிலை கவுளி கவுளியாக அடுக்கப்பட்டிருக்கும். வேறோரிடத்தில் அகத்திக்கீரைக் கட்டுகள் குவிந்திருக்கும். கொடிக்காலில் இவ்விரண்டும் ஒரே பாத்தியில் வளர்பவை. முதலில் அகத்தியை விதைத்து, அது உயர்ந்த பின்னர் அதன் நிழலில் வெற்றிலைக் கொடியைப் படரவிடுவர்.

நான் ஆசிரியப் பணியேற்ற புதிதில், "ஒளி மிகுந்தால் வளர்ச்சியும் மிகும்" என்று கரும்பலகையில் எழுதினேன். கொடிக்காலில் பாடுபடும் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் எழுந்து, "ஐயா, வெயில் பட்டால் வெற்றிலை கருகிவிடுமே!" என்றான். எனக்கு விடை தெரியவில்லை. அவனை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அன்று சொல்லாத விடையைத்தான் இன்று சொல்கிறேன்.

1779ஆம் ஆண்டுக் கோடைக்காலம். அதற்கு முந்திய ஆண்டில்தான் நம் புதுச்சேரி ஆங்கிலேயரின் முற்றுகையில் வீழ்ந்திருந்தது. இலண்டனுக்கு அருகே ஒரு நாட்டுப்புற வீட்டில், யான் இங்கன்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர் இலைகளை நீரில் அமிழ்த்தி, அவற்றிலிருந்து எழும் குமிழிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்குள் 500க்கு மேற்பட்ட சோதனைகள்! நல்ல வெயிலில் குமிழிகள் மிகுந்தன, இருளில் நின்றுவிட்டன. தூய காற்றை வெளிவிடுவன செடியின் பச்சைப் பகுதிகளே என்றும், அதற்குக் காரணம் சூரியனின் வெப்பமன்று, ஒளியே என்றும் அவர் கண்டார். அவ்வாண்டிலேயே நூலாகவும் வெளியிட்டார்.

வரலாறு இதோடு நின்றிருந்தால் என் கரும்பலகை வாசகம் சரியே. ஆனால் 1905இல் பிளாக்மன் என்ற ஆங்கிலேயத் தாவரவியலார் அதைத் திருத்தினார். ஒளி, கரியமில வாயு, வெப்பம் ஆகியவற்றுள் எது பற்றாக்குறையாக இருக்கிறதோ, அதுவே செடியின் உணவாக்க வேகத்தைக் கட்டுப்படுத்தும் என்றார். ஆகவே, ஓர் எல்லைக்கு மேல் ஒளியை மட்டும் கூட்டிப் பயனில்லை. அவ்வெல்லை செடிக்குச் செடி வேறுபடும். அகத்தி கடும் வெயிலையும் பயன்கொள்ளும். காட்டு நிழலுக்குப் பழகிய வெற்றிலையோ சிறிதளவு ஒளியிலேயே நிறைவடையும். மிஞ்சிய ஒளி அதன் பச்சையத்தைச் சிதைத்து இலையை வெளுக்கச் செய்யும். பையன் சொன்னது மெய்தான்.

பிளாக்மன் பெயர் நூல்களில் உண்டு. முதன்முதல் அகத்தி நிழலில் கொடியை ஏற்றிய உழவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நிழல் மிகுந்தாலும் கேடு என்பதை அவர்கள் அறிவர். இருட்டறையில் வைத்த முளைப்பாரி வெளிறி, மெலிந்து நீள்வதை நீங்களும் கண்டிருப்பீர்கள். அதனால்தான் அகத்தி அடர்ந்ததும் கிளைகளைக் கழித்து, கொடிக்கு வேண்டிய ஒளியை உள்ளே விடுகின்றனர். கழித்த தழை மாட்டுக்குத் தீனியாகும். மிஞ்சியது கீரைக்கட்டாகி மார்க்கெட்டுக்கு வரும்.